கார்பன் நகலோடு ஒப்பிட்ட பட்டியல்

தருமபுரியில் ஒரு கல்லூரியில் வணிகவியல் நடத்தும் ஆசிரியை, தம் மாணவர்களுக்காக விசைப்பலகைப் பயிற்சி பற்றியும் அலுவலகக் கடிதங்களின் அமைப்பு பற்றியும் சில பக்கம் எழுதித் தரச் சொன்னார். பதினான்கு பக்கம் எழுதினேன். எந்த விரல் எந்த விசைக்கு, இடப்பக்கம் எவ்வளவு ஓரம் விட வேண்டும், பொருள் இரண்டு வரிக்குப் போனால் இரண்டாம் வரி எங்கே தொடங்கும், இணைப்பு என்ற சொல்லை எங்கே போட வேண்டும், எல்லாம் எழுதினேன். கொடுத்துவிட்டு வந்த நாளிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. எங்கள் வீட்டில் வாசலிலிருந்து பின்பக்கத் தொட்டிவரை முப்பத்தொரு அடி. அதையே நடந்துகொண்டிருக்கிறேன்.

காரணம் ஆசிரியை சொன்ன ஒரு வேடிக்கை. கணினியில் மாணவர் பட்டியல் ஒன்றைத் தயாரிக்கும்போது ஒரு பெண் பெயர்களை மட்டும் அகர வரிசைக்கு மாற்றிவிட்டாளாம். பக்கத்தில் இருந்த மதிப்பெண்கள் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன. அறுபது பேருக்கும் வேறொருவர் மதிப்பெண். "ஒரே பட்டன்ல பழையபடி ஆக்கிட்டோங்க சார்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். படியிறங்கும்போதுதான் கவனித்தேன், எத்தனை படி என்று எண்ணவில்லை. அப்படி எனக்கு நடப்பதில்லை.

பதினான்கு பக்கத்தில் எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் தட்டச்சுக் கற்றது பெரிய கதையல்ல. தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மாடியில் ஒரு பயிற்சி நிலையம். ஒன்பது இயந்திரங்கள், அதில் இரண்டுக்கு வரி முடியப்போகும்போது மணி அடிக்காது. இடக்கை விரல்களுக்கு ய, ள, ன, க. அதையே பதினோரு நாள் அடித்தேன். கீழ்நிலை, மேல்நிலைத் தேர்வுகள் இரண்டும் முதல் தடவையிலேயே தேறினேன். தேர்வாணையத் தேர்வு எழுதி, மாவட்ட அலுவலகம் ஒன்றில் தட்டச்சராகச் சேர்ந்தேன். எந்தத் துறை என்பது இங்கே தேவையில்லை. மாணவர் விடுதிகளை நடத்தும் துறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணுவது எனக்குப் பழக்கம். வேலையும் அதைத்தான் கேட்டது. அந்தக் காலத்து நீளத்தாளில் குறுக்கே எண்பத்தைந்து எழுத்து, நெடுக்கே எண்பத்தொரு வரி. தலைப்பை நடுவில் போட அதன் எழுத்துகளை எண்ணிப் பாதியாக்கி, தாளின் நடுவிலிருந்து அத்தனை இடம் பின்னால் வர வேண்டும். தமிழ் இயந்திரத்தில் புள்ளி விசையைத் தட்டினால் உருளை நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து அந்தப் புள்ளிக்குக் கீழே வந்து உட்காரும். ஆகவே புள்ளியை எண்ணக் கூடாது. எண்ணினால் தலைப்பு ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். புதிதாக வந்தவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது அப்படிச் சாய்த்திருப்பார்கள். நான் சாய்த்ததில்லை.

பட்டியல் அடிப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். வரிசையாக இடமிருந்து வலமாக அடித்துப்போனால் நேரம் ஆகும் என்று நான் கலம் கலமாக அடிப்பேன். அதாவது, முதலில் வரிசை எண்கள் மட்டும் மேலிருந்து கீழ்வரை. பிறகு தாளை மேலே ஏற்றிப் பெயர்கள் மட்டும். பிறகு விடுதி. பிறகு பிறந்த தேதி. உருளை வந்து நிற்கும் நிறுத்தத்தை ஒரு தடவை அமைத்தால் போதும், கை ஒரே தாளத்தில் ஓடும். மாவட்டத்தில் என்னைவிட வேகமாகப் பட்டியல் அடித்தவர் இல்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வருவதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் கண்காணிப்பாளர் சலாம் சார். தருமபுரி கடைவீதியில் தகரப் பெட்டி செய்யும் குடும்பம். கடைநிலை ஊழியரையும் 'வாங்க, போங்க' என்றுதான் அழைப்பார். குரல் உயர்த்தி நாங்கள் கேட்டதில்லை. நாம் அடித்துக்கொண்டு போன தாள் சரியாக இருந்தால் சுருக்கொப்பமிட்டு, எழுத்து மேலே தெரியும்படி மேசையில் வைப்பார். தப்பு இருந்தால் தாளைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் ஒரு பென்சிலை வைத்துவிட்டு, அடுத்த கோப்பைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். எங்கே தப்பு என்று சொல்லமாட்டார். நாம்தான் எடுத்துப்போய்த் தேட வேண்டும். அந்தப் பென்சிலைத் திருப்பிக் கொண்டுவந்து வைக்கும்போது தப்பு திருத்தப்பட்டிருக்க வேண்டும். என் பணிக்காலத்தில் அந்தப் பென்சில் எனக்கு இருபத்திரண்டு தடவை வந்தது.

ஒப்புநோக்குவதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. அடித்த தாளை ஒருவர் வைத்துக்கொள்ள வேண்டும், கையெழுத்து வரைவை இன்னொருவர் உரக்கப் படிக்க வேண்டும். இது எல்லா அலுவலகத்திலும் உள்ளதுதான். பட்டியலாக இருந்தால் கடைசி வரிசையிலிருந்து மேல்நோக்கிப் படிக்கச் சொல்வார். மேலிருந்து படித்தால் அடுத்து என்ன வரும் என்று மனம் முன்னாலேயே சொல்லிவிடும், கண் சும்மா இருந்துவிடும் என்பார். முடிந்ததும் தாளின் அடியில் அடித்தவர் ஒரு சுருக்கொப்பம், ஒப்பிட்டவர் ஒரு சுருக்கொப்பம். அந்த இரண்டும் இருந்தால் அலுவலர் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்.

தொண்ணூறுகளின் தொடக்கம். விடுதிகளில் தற்காலிகமாகச் சமைத்துக்கொண்டிருந்த முப்பத்தொரு பேரை நிரந்தரமாக்கப் பட்டியல் கேட்டு, சேலத்தில் இருந்த மண்டல அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரே நிபந்தனை, சமையலுக்கு முதன்முதலில் சேர்ந்த நாளில் முப்பத்தைந்து வயது முடிந்திருக்கக் கூடாது. முப்பத்தொரு பேர் விவரத்தையும் நாங்கள் அனுப்ப வேண்டும். யார் தகுதி, யார் தகுதியில்லை என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள்.

பட்டியல் போக வேண்டிய நாளில் சலாம் சார் அலுவலக வேலையாக ஓசூர் போயிருந்தார். மூன்றரை மணிக்குச் சேலத்துக்குத் தபால் எடுத்துக்கொண்டு ஆள் கிளம்ப வேண்டும். மூன்று ஐந்துக்கு அடித்து முடித்தேன். மேல்தாள் ஒன்று, கார்பன் நகல் மூன்று. பிறந்த தேதிக் கலத்தை முடித்ததும் மேலிருந்து கீழாக எண்ணினேன். முப்பத்தொன்று. சரியாக இருந்தது.

ஒப்புநோக்க வந்தவன் கோவிந்தராஜ். இளநிலை உதவியாளர், என் வயதுதான். வாய் ஓயாமல் கிண்டல் செய்வான். வரைவு எழுதிய எழுத்தரின் கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். அதை வைத்துக்கொண்டு இரண்டு வரிசை தட்டுத்தடுமாறிப் படித்தவன், "இந்த மனுசன் எழுதுனத படிக்கறதுக்கு வைத்தியர்தான் வரணும்" என்று சொல்லி அதைக் கோப்புக்குள் செருகிவிட்டு, மேசையில் கிடந்த வேறொரு தாளை எடுத்து மேலிருந்து கடகடவென்று படித்தான். ஒரு வரிசையிலும் தடங்கல் இல்லை. முப்பத்தொன்றும் ஒத்துப்போயின.

ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? அவன் கையில் இருந்தது என் கார்பன் நகல். ஒரே அடியில் விழுந்த இரண்டு தாள்களை நாங்கள் ஒன்றோடொன்று ஒப்பிட்டோம். அவனுக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை என்று பின்னால் சத்தியம் செய்தான், நம்புகிறேன். ஆனால் நான் பார்த்தேன். அவன் கையில் இருந்த எழுத்து கார்பன் நீலத்தில் இருந்ததைப் பார்த்தேன். மணி மூன்று இருபத்திரண்டு. எண்ணிக்கை சரியாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். சுருக்கொப்பம் போட்டேன்.

ஆறு மாதம் கழித்து, ஒரு மாதத்தின் ஐந்தாம் தேதி ஆணை வந்தது. முப்பது பேர் நிரந்தரம். பதினாறாம் வரிசை மட்டும் நீக்கம், வயது வரம்பு கடந்தவர் என்று. நீக்கப்பட்டவரை அந்த மாதக் கடைசியில் வேலையிலிருந்து விடுவிக்க வேண்டும் என்றும் இருந்தது.

பதின்மூன்றாம் தேதி அந்தப் பதினாறாம் வரிசை நேரில் வந்தார். பெயர் மாதம்மாள். இண்டூர்க்காரர், பாப்பாரப்பட்டி விடுதியில் சமைத்தார். முப்பத்தைந்து வயதைச் சேரும்போதே கடந்தவர் என்று ஆணையில் இருந்த பெண்ணுக்கு, அன்றைக்கு நேரில் பார்த்தபோது முப்பத்தைந்துதான் இருக்கும். பதினோரு வருடமாக வேலையில் இருப்பவர். வரைவு எழுதிய எழுத்தர் அரூருக்கு மாற்றலாகியிருந்தார். புதிதாக வந்த பையன் ஆணையைக் காட்டி, மேலிடத்து முடிவு, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தான். மாதம்மாள் தம் பள்ளிச் சான்றிதழை நான்காக மடித்து வைத்திருந்தார்.

"அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கறனுங்க. இதுல தேதி போட்டிருக்குது. நீங்களே பாருங்க. இந்தத் தேதிக்கு எப்படிங்க எனக்கு வயசு தாண்டும்?"

பையன் வாங்கிப் பார்க்கவில்லை. நான் என் இயந்திரத்தின் பின்னால் இருந்தேன். அவர் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். போகவில்லை. பதினொன்று பத்திலிருந்து ஒன்று நாற்பதுவரை இருந்தார்.

அவர் போனபின் அந்தப் பட்டியலின் அலுவலக நகலை எடுத்தேன். பதினாறாம் வரிசையில் இருந்த தேதி அவர் சான்றிதழில் இருந்த தேதி அல்ல. கோப்பைப் பிரித்து எறும்புக் கையெழுத்தைப் பக்கத்தில் வைத்தேன். பதின்மூன்று வரிசைவரை சரி. பதினான்காவது தேதியை நான் அடிக்கவே இல்லை, தாண்டிவிட்டேன். அங்கிருந்து ஒவ்வொருவருக்கும் அவருக்கு அடுத்தவரின் தேதி ஏறியிருந்தது. பத்தொன்பதாவது தேதியை இரண்டு தடவை அடித்திருக்கிறேன், ஒன்று பதினெட்டாம் வரிசையில், ஒன்று அதன் இடத்தில். அதற்குப் பிறகு எல்லாம் சரி. ஒன்றை விட்டேன், ஒன்றை இரட்டித்தேன். மொத்தம் முப்பத்தொன்று. எண்ணிக்கை என்னைக் காப்பாற்றவில்லை, என்னை ஏமாற்றியது. பதினெட்டிலும் பத்தொன்பதிலும் ஒரே தேதி அடுத்தடுத்து நின்றதை, கீழிருந்து படித்திருந்தால் எந்தக் குழந்தையும் கண்டுபிடித்திருக்கும்.

ஐந்து பேருக்குத் தவறான தேதி. மூன்று பேருக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை, எந்தத் தேதியானாலும் வயது வரம்புக்குள்தான் இருந்தார்கள். பதினாறாவது மாதம்மாள். அவருக்கு நான் போட்டது பதினேழாவது ஆளின் தேதி. அந்தத் தேதிக்குத்தான் வயது தாண்டியது. அப்படியானால் உண்மையில் வயது தாண்டியவர் அந்தப் பதினேழாவது ஆள். அவருக்கு நான் பதினெட்டாவது ஆளின் தேதியைப் போட்டிருந்ததால் அவர் நிரந்தரமாகிவிட்டார். பெயர் சின்னபாப்பா. தொப்பூர் விடுதி.

மாதம்மாளுக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்தால் சின்னபாப்பாவின் வேலை போகும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குப் பின் என்ன செய்வது என்று தெரிய ஐந்து நாள் ஆனது.

அந்த ஐந்து நாளும் நான் ஒரு வரி ஒழுங்காக அடிக்கவில்லை. கோவிந்தராஜிடம் மட்டும் சொன்னேன். அவனுக்கு உதவியாளர் பதவி உயர்வு வர இரண்டு மாதம்தான் இருந்தது. பிறகு டீக்கடைக்கு அழைத்துப்போய் சொன்னான்: "கம்முனு இரு. ஆணை போட்டது சேலத்துக்காரன். அந்தம்மா மனு குடுக்கட்டும், சேலத்துல பாத்துக்குவாங்க. நீயும் நானும் எதுக்கு நடுவுல போயி தலையக் குடுக்கணும்?" டீயை வாங்கி என் கையில் கொடுத்து, "ஒருத்தி போனா ஒருத்தி இருக்கறா. கணக்கு சரியாத்தான் இருக்குது. உனக்குத்தான் கணக்கு சரியா இருந்தா போதுமே" என்றான். கிண்டலாகத்தான் சொன்னான். டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

பதினெட்டாம் தேதி காலை சலாம் சார் முன்னால் போய் நின்றேன். கையில் மூன்று தாள். வரைவு, அலுவலக நகல், நானே அடித்துக்கொண்டு போன திருத்தக் கடிதம். அவர் கடிதத்தைப் படித்தார். வரைவையும் நகலையும் கீழிருந்து மேலாக ஒப்பிட்டார். நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு என் கடிதத்தைக் கவிழ்த்து வைத்து, மேலே பென்சிலை வைத்தார்.

எடுத்துக்கொண்டு வந்தேன். ஓரம் சரி. பொருள் சரி, பார்வை சரி, கோப்புக்குரிய நடப்புக் கணக்கு எண் சரி. எதுவும் தட்டுப்படவில்லை. திரும்பப் போய், தெரியவில்லை சார் என்றேன். எனக்கு அவர் விளக்கிச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

"எத்தனை பேருக்குத் தேதி மாறியிருக்குதுங்க?"

"அஞ்சு பேருக்குங்க சார்."

"இதுல ஒருத்தர்தான இருக்கறாங்க."

உண்மை. நான் மாதம்மாளின் தேதியை மட்டும் திருத்தச் சொல்லி எழுதியிருந்தேன். சேலத்தில் யாரும் மற்ற நான்கையும் பார்க்கப்போவதில்லை. மாதம்மாளும் இருப்பார், சின்னபாப்பாவும் இருப்பார். தெரியாமல் விட்டதல்ல, எண்ணித்தான் விட்டேன். சொன்னேன். அவர் கடிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"உங்க மனசு புரியுதுங்க. ஆனா அஞ்சு தப்பு தெரிஞ்சு ஒண்ணை மட்டும் எழுதினா, மீதி நாலும் தப்பு இல்லீங்க, பொய். மொத தடவ நீங்க பொய் சொல்லல." பிறகு கடிதத்தில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார். 'தட்டச்சுப் பிழை காரணமாக' என்று அடித்திருந்தேன். "தட்டச்சுப் பிழைன்னா மிஷினு செஞ்ச மாதிரி இருக்குது. நடந்ததை எழுதுங்க."

நடந்ததை எழுதினேன். 'வரைவுக்குப் பதிலாகக் கார்பன் நகலைக் கொண்டு ஒப்புநோக்கப்பட்டது' என்ற வரியையும் அடித்தேன். ஐந்து பேரின் தேதிகளையும் ஒரு சிறு பட்டியலாகப் போட்டேன், வரிசை வரிசையாக, இடமிருந்து வலமாக. அன்றிலிருந்து கலம் கலமாக நான் பட்டியல் அடித்ததில்லை. கோவிந்தராஜ் வரைவைப் படித்தான், கீழிருந்து மேலாக. என் முகத்தைப் பார்க்கவில்லை. சலாம் சார் எங்கள் இரண்டு சுருக்கொப்பத்துக்கும் கீழே மூன்றாவதாகத் தம்முடையதையும் போட்டார். பட்டியல் அடித்த அன்று அவர் ஊரிலேயே இல்லை, போட வேண்டிய அவசியமும் இல்லை.

இன்னொரு கடிதமும் அடிக்கச் சொன்னார். சின்னபாப்பா ஒன்பது வருடம் புகார் இல்லாமல் சமைத்தவர், அவருக்கு வயது வரம்பைத் தளர்த்திக் கொடுக்க வேண்டும் என்று. அந்தக் கடிதம் இரண்டு பக்கம். நான் அடித்த கடிதங்களில் அதைவிடத் திருத்தமானது இல்லை. ஒரு எழுத்தும் அழிக்கவில்லை. அதனால் என்ன பயன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இருபதாம் தேதி இரண்டு உறைகளையும் நானே எடுத்துக்கொண்டு சேலம் பேருந்தில் ஏறினேன். தபாலில் போனால் மாதக் கடைசிக்குள் ஆகாது. தொப்பூரில் வண்டி நின்றது. கணவாயில் லாரி கவிழ்ந்து கிடக்கிறது, எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும் என்றார் நடத்துனர். சன்னல் வழியாக நின்றிருந்த லாரிகளை எண்ணினேன். ஐம்பத்தேழுவரை எண்ணியபின், எதைப் பார்க்காமல் இருக்க எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்பது தெரிந்தது. விடுதி சாலையிலிருந்து முந்நூறு அடிகூட இல்லை. போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. போகக் கூடாது என்றும் சொல்லவில்லை. இறங்கிப் போனேன்.

விடுதியின் பின்பக்கம் சின்னபாப்பா பெரிய அலுமினிய அண்டாவைச் சாய்த்து வைத்து, உள்ளே பாதி உடம்பை நுழைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். தலைமுடி பாதி நரைத்திருந்தது. மாவட்ட அலுவலகத்திலிருந்து வருகிறேன் என்றதும் வெளியே வந்து, கையைத் துடைக்காமலே நின்றார். பட்டியல் அடித்தவன் நான், தேதி மாறிப்போனது, திருத்தி எழுதிக் கொண்டுபோகிறேன் என்று சொல்லி முடித்தேன். நடந்து வரும்போது ஒத்திகை பார்த்ததில் பாதிகூட வரவில்லை.

"யாராச்சும் வருவீங்கன்னு தெரியுமுங்க. எம் வயசு எனக்குத் தெரியாதா? ஆணை வந்த அன்னைக்கே தெரியும் எங்கியோ தப்பு நடந்திருக்குதுன்னு. பதினஞ்சு நாளா எந்த வண்டி நின்னாலும் எட்டிப் பாக்கறேன்." பிறகு கேட்டார், "எனக்குப் பதிலா யாரை வேலைய வுட்டு எடுத்துட்டாங்க?"

சொன்னேன்.

"மாதம்மாளா? பாப்பாரப்பட்டி?" அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு பயிற்சி முகாமில் மூன்று நாள் சேர்ந்து சமைத்தார்களாம். "அந்தப் புள்ளைக்குப் போயி எம் வயசப் போட்டீங்களே" என்று ஒரு மாதிரி சிரித்தார். சிரிப்பு உடனே நின்றுவிட்டது. "குடுத்துத்தான் ஆவணுமாங்க அந்தக் கடுதாசி?"

வயது வரம்பைத் தளர்த்தக் கேட்டு இன்னொரு கடிதமும் இருக்கிறது என்றேன். அது கிடைக்குமா என்று கேட்டார். தெரியாது என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். சலாம் சார் சொன்னது காதில் இருந்தது.

அவர் திரும்பவும் அண்டாவுக்குள் குனிந்தார். உள்ளேயிருந்து குரல் வந்தது: "போங்க. பஸ்ஸு போயிரப் போவுது."

ஐந்து இருபதுக்குச் சேலத்தில் இரண்டு உறையையும் கொடுத்து முத்திரை வாங்கினேன்.

மாதம்மாளின் ஆணை இருபத்தெட்டாம் தேதியே வந்துவிட்டது. திருத்தக் கடிதத்தின் நகல் அவருக்கும் போயிருந்தது. ஆணையை வாங்கிக்கொள்ள வந்தவர் அந்த நகலை என் மேசை முன்னால் நின்று, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். அடியில் இருந்த சுருக்கொப்பத்தில் விரல் நின்றது. "இது நீங்களாங்க?" ஆமாம் என்றேன். "அன்னைக்கு அவ்ளோ நேரம் அந்த பெஞ்சில உக்காந்திருந்தேன். நீங்க இங்கியேதான் இருந்தீங்க" என்றார். நகலை நான்காக மடித்துக்கொண்டு போனார்.

எனக்கும் கோவிந்தராஜுக்கும் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது, சலாம் சாருக்கும்தான். கோவிந்தராஜின் பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனது. ஏழு மாதம் என்னோடு பேசவில்லை. எட்டாம் மாதம் ஒரு நாள் ஒப்புநோக்க உட்கார்ந்தவன், "இன்னைக்கு எதப் பாத்துப் படிக்கட்டும்? வரைவா, கார்பனா, இல்ல உம் மூஞ்சியா?" என்றான். அன்றிலிருந்து பழையபடி ஆனோம்.

சின்னபாப்பாவை மாதக் கடைசியில் விடுவித்தார்கள். தளர்வு கேட்ட கடிதத்துக்குப் பதினான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. விதிகளில் இடமில்லை என்று ஒரே வரி. சலாம் சார் அதைப் படித்தார். மேசையில் கவிழ்த்து வைத்து, மேலே பென்சிலை வைத்தார். மேலிடத்துத் தாளை அவர் கவிழ்த்து வைத்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். மாலைவரை அது அப்படியே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. பிறகு அவரே எடுத்துக் கோப்பில் சேர்த்தார்.

சின்னபாப்பா தொப்பூரில் சாலையோரமாகக் கூரை போட்டு லாரிக்காரர்களுக்கு இட்லி தோசை போட ஆரம்பித்தார் என்று கேள்விப்பட்டேன். அதன்பின் என் பணிக்காலம் முடியும்வரை அந்த வழியாகச் சேலத்துக்கு அறுபத்து மூன்று தடவை போயிருக்கிறேன். ஒரு தடவையும் இறங்கவில்லை. சன்னலிலிருந்து பார்ப்பேன். கூரை தகரமானது, பெஞ்சு இரண்டு நான்கானது.

ஓய்வு பெற்று, ஓய்வூதியத் தாள்களைச் சேலத்தில் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது இறங்கினேன். சின்னபாப்பாவின் தலை முழுக்க வெளுத்திருந்தது. மருமகள் கல்லில் தோசை ஊற்ற, அவர் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரியாது என்று நினைத்துக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். தோசை வைத்துவிட்டு மருமகள் போனபின் அவரே தண்ணீர் கொண்டுவந்தார்.

"டைப்படிக்கறவர்தான?"

ஆமாம், இப்போது இல்லை, ஓய்வு பெற்றுவிட்டேன் என்றேன்.

"வயசாயிருச்சா?"

"ஆயிருச்சுங்க."

"சரியான தேதியில வுட்டாங்களா?"

"சரியான தேதியிலதாங்க."

அவர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே கேட்டார். "ஒங்க தேதிய யாரு அடிச்சது?"

பணிப்பதிவேட்டிலிருந்து ஓய்வூதியத் தாள்வரை என் பிறந்த தேதி வந்த இடங்கள் பதினொன்று. அத்தனையும் நானே அடித்தேன். ஒவ்வொன்றையும் மூன்று தடவை, மூலத்தோடு, கீழிருந்து மேலாகப் பார்த்தேன்.

"நானேதாங்க" என்றேன்.

"அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு தோசை போடச் சொன்னார் மருமகளிடம்.